அடுப்புல பூ பூத்துச்சு பாஸ்!

ஒரு சின்ன கேள்வி. நெருப்பு எரியுற அடுப்புக்குள்ள பூசணம் பிடிக்குமா?

'என்னப்பா லூஸு மாதிரி கேட்குற'ன்னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது. 2018 டிசம்பர் 3-ம் தேதி காலை பத்து மணி வரைக்கும் நானும் உங்க கட்சிதான். பத்தே காலுக்கு மூடியைத் திறந்தேன். கட்சி மாறிட்டேன்.

முதல்ல அடுப்பைப் பத்திச் சொல்லிடறேன். எங்க ஊர் ஒரத்தநாடு பக்கம். வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர்ல இருக்கிற ஏரியா. எங்க மாமாவும் அங்கேதான் 20 வருஷத்துக்கு மேல ஒரு வீட்டுல டிரைவர் வேலை பார்த்தார். 2017-ல அவர் ஊருக்குத் திரும்பும்போது முதலாளி வீட்டுல, "இதை நீயே எடுத்துட்டுப் போ"ன்னு ஒரு பீங்கான் கிரில்லைக் கொடுத்துட்டாங்க. முட்டை வடிவம், கரும்பச்சை கலர், 70 கிலோ வெயிட்! வெளியில வழவழன்னு பளபளக்கும். உள்ளே சுட்ட மண் மாதிரி சொரசொரப்பு. மூடியைச் சாத்தினா உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாது. கீழே காத்து நுழைய ஒரு துவாரம், மேலே புகை போக ஒரு துவாரம், மூடியில ஒரு சூடு காட்டுற முள். அவ்வளவுதான்.

எங்க அப்பாயி அதைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "ஏண்டா, இது கும்முட்டி அடுப்புதானே? சிங்கப்பூர்க்காரன் தொப்பி போட்டு விட்டுருக்கான்"னாங்க. நாங்க சிரிச்சோம். அப்புறம் தேடிப் பார்த்தா அப்பாயி சொன்னதுல பாதிக்கு மேல கரெக்ட்! இந்த அடுப்போட பேரு 'காமாடோ'. ஜப்பான்ல அடுப்புக்கே அதுதான் பேரு. அதுல 'முஷிகாமாடோ'ன்னு மூடி போட்ட உருண்டை மண் அடுப்பு ஒண்ணு. எதுக்குத் தெரியுமா? சோறு ஆக்க! இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு ஜப்பான்ல இருந்த அமெரிக்க ராணுவத்துக்காரங்க இதைப் பார்த்து அசந்து, ஊருக்குத் தூக்கிட்டுப் போய், சோத்தை விட்டுட்டு அதுல கறி சுட ஆரம்பிச்சாங்க. 1974-ல அட்லாண்டாவுல எட் ஃபிஷர்ங்கிறவர் 'பிக் க்ரீன் எக்' கம்பெனியை ஆரம்பிச்சார். அப்புறம்தான் இது உலகம் பூரா பறந்துச்சு. ஆக, நெல் விளையுற ஒரு நாட்டுல சோறு பொங்கின அடுப்பு, ஊர் சுத்திட்டு இன்னொரு நெல் விளையுற ஊருக்கு வந்து சேர்ந்திருக்கு. ('டீமன் ஸ்லேயர்' பார்க்கிற கோஷ்டிக்கு: ஆமாம், ஹீரோ தஞ்சிரோவோட குடும்பப் பேரும் காமாடோதான். கரி விக்கிற குடும்பம் வேற! தஞ்சிரோவுக்கும் தஞ்சாவூருக்கும் சம்பந்தம் இருக்கான்னு கேட்காதீங்க.)

மாமா ரெண்டே தடவை கோழி சுட்டார். அப்புறம் அலுத்துப்போய் எங்ககிட்ட தள்ளிட்டார். நாங்கன்னா மூணு பேர். நான், ஒரு பங்காளி, ஒரு மாப்ள. 'பேரைப் போட்டே... கொன்னுடுவோம்'னு ரெண்டு பேரும் கண்டிஷன் போட்டிருக்காங்க. அதனால பங்காளி, மாப்ளயாகவே இருக்கட்டும். டிகிரி முடிச்சு வேலை தேடிக்கிட்டு இருந்த சீஸன். சனி, ஞாயிறு சாயங்காலம் மாப்ளயோட சித்தப்பா வண்டியில... அதாங்க, குட்டி யானை... அடுப்பை ஏத்திக்கிட்டு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோடு போவோம். சுட்ட கோழி, சுட்ட மீன். கொட்டாங்கச்சிக் கரி எங்க ஊர்லயே கிடைக்கும். சீமைக்கருவேலங் கரி ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து மூட்டையா வரும். ஹாஸ்டல் பசங்க அள்ளிக்கிட்டுப் போனாங்க. சும்மா சொல்லக் கூடாது, ஆகஸ்ட்லேர்ந்து தீபாவளி வரைக்கும் வீட்டுல யார்கிட்டயும் பாக்கெட் மணி கேட்கலை!

நவம்பர் 11, ஞாயித்துக்கிழமை. கடைசி வியாபாரம். ராத்திரி 11 மணிக்கு மேல தூறல். அவசர அவசரமா மேல் துவாரம், கீழ் துவாரம் ரெண்டையும் அடைச்சோம். அடைச்சா காத்து இல்லாம நெருப்பு தானா அணையும். மிச்சக் கரி அடுத்த வாரத்துக்கு ஆகும். இந்த அடுப்போட பெரிய சௌகரியமே அதுதான். கம்பி வலையைத் துடைக்கலை. கோழிக் கொழுப்பு சொட்டின தட்டை எடுக்கலை. 'சனிக்கிழமைதான் மறுபடி வரப் போறோமே'ன்னு அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, மாட்டுக் கொட்டகையில இறக்கி, தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டிட்டோம்.

அந்த வாரம் வியாழக்கிழமை ராத்திரி வந்துச்சு பாருங்க, கஜா.

அதைப் பத்தி நான் புதுசா என்ன எழுத? நவம்பர் 16 விடிஞ்சப்போ எங்க தென்னந்தோப்புல நின்ன மரங்களை ரெண்டு கை விரல்லயே எண்ணிடலாம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு... எங்கேயும் அதே கதைதான். எங்க தெருவுக்குக் கரண்ட் வர 20 நாள் ஆச்சு. கிரில்லை யாரு நினைச்சா? மாட்டுக் கொட்டகைக் கூரை பாதி பறந்துபோச்சு. தார்ப்பாய் மட்டும் அசையலை. நாங்க கட்டின கட்டு அப்படி!

நவம்பர் கடைசியில ஒரு போன். எங்களுக்கு ரெகுலர் கஸ்டமரா இருந்த ஜூனியர் பசங்க. "அண்ணா, டிசம்பர் 23 கிறிஸ்துமஸ் பார்ட்டி. 40 பேருக்கு சுட்ட கோழி. 3,000 அட்வான்ஸ் தர்றோம்." அந்த நேரத்துல 3,000 ரூபாங்கிறது எங்களுக்கு 30,000 மாதிரி. ஓகே சொல்லிட்டோம். டிசம்பர் 3 காலையில தார்ப்பாயை அவிழ்த்தோம்.

மூடியைத் தூக்கினதும் முதல்ல வந்தது வாடை. மழையில நனைஞ்ச சாக்கு, கெட்டுப்போன நெய், ரெண்டையும் சேர்த்து மூக்குல வச்ச மாதிரி. அப்புறம் பார்த்தா... கம்பி வலை பூரா வெள்ளை வெள்ளையா பஞ்சு. மிச்சம் வச்ச கரி மேல சாம்பல் பச்சையில வெல்வெட். மூடியோட உள்பக்கம் வட்டம் வட்டமா கோலம். 22 நாள்ல ஒரு காடு வளர்ந்திருந்துச்சு பாஸ்!

ஏன்னு இப்போ யோசிச்சா ரொம்ப சிம்பிள். பூஞ்சை வித்து காத்துல எல்லா இடத்துலயும் மிதந்துகிட்டே இருக்கு. அது முளைக்க ஈரம் வேணும், சாப்பாடு வேணும், அசையாத காத்து வேணும். ஈரத்தை ஐப்பசி, கார்த்திகை கொடுத்துச்சு. கரியும் சாம்பலும் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வச்சுக்கும், அது போனஸ். சாப்பாடு, எங்க கோழிக் கொழுப்பு. காத்தை அடைச்சு, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கொடுத்தது நாங்க மூணு பேரும். எரியும்போது 200 டிகிரியைத் தாண்டுற அடுப்புல எந்தப் பூஞ்சையும் உயிரோட இருக்காது. ஆனா, அணைஞ்ச அடுப்பு அடுப்பே இல்லை. அது வெறும் மூடி போட்ட பானை.

இப்போ நான் செஞ்ச தப்புக்கு வர்றேன்.

பங்காளிக்குச் சின்ன வயசுலேர்ந்து வீசிங். எனக்குத் தெரியும். நல்லாவே தெரியும். ஸ்கூல்ல பி.டி. பீரியட்ல அவனுக்கு மூச்சு வாங்கும்போது தண்ணி பாட்டில் எடுத்துட்டு ஓடுறவனே நான்தான். அன்னிக்கு மட்டும் மறந்துட்டேன். "மாப்ள தண்ணி கொண்டு வரட்டும், நீ பிரஷ்ஷைப் போட்டுத் தேய்டா"ன்னு இரும்பு பிரஷ்ஷை அவன் கையில கொடுத்தேன். கொட்டகைக்கு உள்ளே, காத்து இல்லாத மூலையில, காய்ஞ்ச பூசணத்தை அவன் அரை மணி நேரம் வறட்டு வறட்டுன்னு தேய்ச்சான். வெயில் கீத்துல பச்சையா தூசி பறக்கிறதைப் பார்த்து, "சினிமா ஷூட்டிங் மாதிரி இருக்குடா"ன்னு நான் கமென்ட் வேற அடிச்சேன்.

ராத்திரி ரெண்டு மணிக்குப் பெரியம்மா வந்து கதவைத் தட்டினாங்க.

அவன் உட்கார்ந்தபடியே முன்னாடி சாய்ஞ்சு கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தான். பேச முடியலை. தோள்பட்டை மட்டும் ஏறி ஏறி இறங்குது. இன்ஹேலர் காலி. வீட்டுல நெபுலைசர் மெஷின் இருக்கு, கரண்ட் இல்லை! மாப்ள குட்டி யானையை எடுத்துட்டு வந்தான். ரோட்டோரம் பூரா அறுத்துப் போட்ட மரம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நான் பின்னாடி அவனைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். 25 கிலோமீட்டர்ங்கிறது அவ்வளவு தூரம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. டூட்டி டாக்டர், "என்ன தூசி பட்டுச்சு?"ன்னு கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். அவர் திட்டலை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துட்டான். பெரியம்மா என்கிட்ட ஒரு மாசம் பேசலை.

இந்தப் பக்கம் மாப்ள சும்மா இருந்தானா? ஆஸ்பத்திரியில எங்களை விட்டுட்டு ஊருக்குத் திரும்பினவன், 'நாமளாவது வேலையை முடிப்போம்'னு சோப்புப் பவுடரும் பிளீச்சிங் பவுடரும் கலந்து ஊத்தி, மோட்டார் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சுக் கழுவிட்டான். (பம்ப் செட்டுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு வந்திருந்த நேரம்.) கழுவிட்டு, காயட்டுமேன்னு அன்னிக்கு சாயங்காலமே உள்ளே நெருப்பைப் போட்டு மூடியிருக்கான். கால் மணி நேரத்துல 'டப்'புன்னு சத்தம். உள்ளே கரி கிடக்கிற மண் கிண்ணத்துல விரல் நீளத்துக்கு விரிசல்! வாடையோ... ஆஸ்பத்திரி வராண்டாவைக் கொளுத்தின மாதிரி.

அப்பாயிதான் வந்து நெருப்பை வாரிக் கொட்டினாங்க. "ஏண்டா, படிச்ச பயலுவளா... மண்ணுக்கு வாய் இருக்குடா. எதை ஊத்தினாலும் குடிக்கும். சோப்பை ஊத்தினா சோப்பைக் குடிக்கும். மண்சட்டியை எப்பவாவது நான் சோப்புப் போட்டு வெளக்கிப் பார்த்திருக்கியா? ஈரச் சட்டியை எப்பவாவது பெருந்தீயில வச்சுப் பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. புதுச் சட்டி வாங்கினா நாள் கணக்குல தண்ணியில ஊறப் போட்டு, கஞ்சித்தண்ணி ஊத்தி, சின்னத் தீயில பழக்கிட்டுதான் மீன் குழம்பு வைப்பாங்க. கழுவினதும் கவுத்து வச்சு, முழுசா காய்ஞ்ச பிறகுதான் பரணுக்குப் போகும். அங்கேயும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறுக்கமா அடுக்க மாட்டாங்க. மழைக்காலத்துல எடுத்துப் பார்த்து, வெயில் அடிக்கிற நாள்ல முத்தத்துல வைப்பாங்க. இதெல்லாம் என் கண்ணு முன்னாடி 20 வருஷமா நடந்துச்சு. நான்தான் பார்க்கலை.

யோசிச்சா, டெல்டாக்காரனுக்கு ஈரத்தோட சண்டை போடுறது பரம்பரைத் தொழில் பாஸ். குறுவை அறுப்பும் மழையும் ஒண்ணா வந்துட்டா, களத்துல கிடக்கிற நெல்லு சூடேறி, கருத்து, பூசணம் பூத்துடும். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதம்தான் வரம்பு. மழை ஜாஸ்தியான வருஷங்கள்ல அதைத் தளர்த்தச் சொல்லிப் போராட்டம் நடக்கும். ரோட்டுல நெல்லைக் கொட்டிக் கிளறிக்கிட்டு நிக்கிறவங்களைப் பார்த்து ஹாரன் அடிப்பீங்களே, அவங்க பூஞ்சையோடதான் ரேஸ் ஓடிக்கிட்டு இருக்காங்க! தஞ்சாவூர்ல புதுக்கோட்டை ரோட்டுல இருக்கே நிஃப்டெம், உணவுத் தொழில்நுட்ப நிறுவனம்... அது பிறந்ததே இந்தப் பிரச்னையாலதான். 60-கள்ல குறுகிய கால நெல் ரகங்கள் வந்து, அறுவடை மழையில மாட்டிக்கிட்டப்போ, ஈர நெல்லைக் காப்பாத்த வழி தேடி 1967-ல திருவாரூர் நவீன அரிசி ஆலையில ஆரம்பிச்ச ஒரு சின்ன ஆய்வுக்கூடம்தான் அதுக்கு விதை. நானும் அந்த வழியா எத்தனையோ தடவை பஸ்ல போயிருக்கேன். 'ஏதோ இன்ஜினீயரிங் காலேஜ் போல'ன்னு நினைச்சுக்கிட்டு!

சரி, அடுப்புக்கு வருவோம். அப்பாயி சொன்னது பாதி, மாமா சிங்கப்பூர் முதலாளி வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டது பாதி. உங்க வீட்டுல பீங்கான் கிரில் இல்லாம இருக்கலாம். மண் அடுப்போ, தந்தூரியோ, மொட்டை மாடியில ஒரு பார்பெக்யூ டப்பாவோ இருந்தாலும் பெரும்பாலும் இதே விஷயம்தான்.

முதல்ல மூக்கையும் வாயையும் கட்டுங்க. திறந்த வெளியில வைங்க, காத்து உங்க முதுகுப் பக்கத்துலேர்ந்து அடிக்கிற மாதிரி நில்லுங்க. வீசிங், அலர்ஜி இருக்கிற ஆளை அந்தப் பக்கமே விடாதீங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை. பூசணத்தைக் காய்ஞ்சபடியே தேய்க்காதீங்க. எரிச்ச பிறகு தேய்க்கலாம்.

உள்ளே இருக்கிற பழைய கரி, சாம்பல், கொழுப்புத் தட்டுல இருக்கிறது எல்லாத்தையும் பைக்குள்ள போட்டுக் கட்டித் தூக்கிப் போட்டுடுங்க. 'எப்படியும் எரியத்தானே போகுது, அந்தக் கரியையே போட்டா என்ன?'ன்னு மாப்ள கேட்டான். நியாயமான கேள்விதான். சூட்டுல பூஞ்சை செத்துடும். ஆனா, சில பூஞ்சைகள் விட்டுட்டுப் போற விஷம் சமையல் சூட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் அசையாது. 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சம் வான்கோழி செத்துச்சு. காரணம், தீவனத்துல கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்குல இருந்த பூஞ்சை. 'அஃப்ளாடாக்ஸின்'ங்கிற விஷத்தையே அதுக்கப்புறம்தான் கண்டுபிடிச்சாங்க. நம்ம கரியில வளர்ந்தது எந்த ஜாதின்னு யாருக்குத் தெரியும்? 50 ரூபா கரிக்காக அந்தப் புகையில கோழி சுடணுமா?

காலி பண்ணின அடுப்பு ஈரமா இருந்தா, மூடியைத் திறந்து வச்சு நாள் கணக்குல காயவிடுங்க. மாப்ள குளிப்பாட்டின புண்ணியத்துல எங்களுக்குப் பத்து நாள் ஆச்சு. அப்புறம் புதுக் கரியில சின்னத் தீ, மூடி திறந்தபடியே. மண்ணு குடிச்ச தண்ணி மெதுவா ஆவியாகிப் போகணும். ஒரேயடியாப் பெருந்தீ போட்டா அந்த ஆவி வெளியே வர வழியில்லாம மண்ணைப் பிளக்கும். அந்த 'டப்' அதுதான்! மறுநாள் நிறையக் கரி போட்டு, கம்பி வலையையும் உள்ளேயே வச்சு மூடி, ரெண்டு துவாரத்தையும் திறந்துவிட்டு, முள்ளு 250 டிகிரி பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரு மணி நேரம். ரொம்பவும் ஏத்தக் கூடாது. மூடி விளிம்புல ஒட்டியிருக்கிற பட்டை கருகிடும். ஆறின பிறகு சுரண்டினா எல்லாம் சாம்பலா உதிரும். சோப்பு, பிளீச்சிங், பினாயில் எதுவும் வேண்டாம். நெருப்பே போதும்.

முக்கியமா ஒண்ணு... எரிஞ்சுகிட்டு இருக்கும்போது மூடியை டபால்னு திறக்காதீங்க. காத்துக்கு ஏங்கிக்கிட்டு இருக்கிற நெருப்பு, திறந்ததும் முகத்துக்கு நேரா குப்புன்னு எகிறும். என் வலது புருவம் போன கதை அதுதான். ஒரு இஞ்ச் தூக்கி, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் முழுசாத் தூக்கணும். சூடா இருக்கும்போது தண்ணி தெளிக்கக் கூடாது. மழை பெய்யுதேன்னு வீட்டுக்குள்ள வச்சு எரிக்கவும் கூடாது. கரிப் புகையில இருக்கிற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடை கிடையாது, ஆளைச் சத்தமில்லாம முடிச்சிடும்.

பூசணம் வராம இருக்க? சமைச்சு முடிச்சதும் பத்துப் பதினஞ்சு நிமிஷம் துவாரத்தைத் திறந்துவிட்டுக் கொழுப்பை எரிய விடுங்க. ஆறின மறுநாள் சாம்பலை அள்ளுங்க. ஐப்பசி, கார்த்திகையில உள்ளே கரியே வைக்காதீங்க, தகர டின்ல போட்டுத் தனியா வைங்க. மேலே மழை விழாத இடமா பார்த்து, துவாரத்தைக் கொஞ்சம் திறந்தே வைங்க. தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டாதீங்க, அதுக்கும் மூச்சு விடணும். சமையல் இல்லைன்னாலும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை திறந்து எட்டிப் பாருங்க. சொல்லும்போது ரெண்டு நிமிஷ வேலை. செய்யறதுக்குள்ள சோம்பல் வந்து பக்கத்துல உட்கார்ந்துக்கும். அனுபவஸ்தன் சொல்றேன்.

டிசம்பர் 23 ஆர்டரை முடிச்சுக் கொடுத்தோம். விரிசல் விட்ட கிண்ணம் தாங்குச்சு. இன்னிக்கு வரைக்கும் தாங்குது. பெரியம்மா பங்காளியை அனுப்பலை. ஆனா, அவனே பஸ் ஏறி வந்து, அடுப்புலேர்ந்து இருபது அடி தள்ளி காத்துக்கு எதிர்ப்பக்கமா சேர் போட்டு உட்கார்ந்து கல்லாவைப் பார்த்துக்கிட்டான். கர்ச்சீப் கட்டிக்கிட்டு அவன் சில்லறை கொடுத்ததைப் பார்த்து, "அண்ணனுக்கு என்ன, கொள்ளைக்கூட்டத் தலைவன் வேஷமா?"ன்னு பசங்க கலாய்ச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

இப்போ அவன் சிங்கப்பூர்ல இருக்கான். வருஷா வருஷம் இங்கே மழை ஆரம்பிச்சா ஒரு போன் வரும். சேதியில மழையைப் பார்த்திருப்பான். "டேய், மூடியைத் திறந்து வச்சியா?" அவ்வளவுதான் கேட்பான். போன வருஷம் நான், "ம்... ம்... அப்பவே வச்சுட்டேன்டா"ன்னு சொல்லிட்டு போனை வச்சேன். அப்புறம் குடையை எடுத்துக்கிட்டு கொட்டகைக்குப் போனேன். மூடியைத் தூக்கினா, ஓரத்துல ரெண்டு கரித்துண்டு மேல வெள்ளையா லேசா ஆரம்பிச்சிருந்துச்சு.

துண்டை எடுத்து மூக்கைக் கட்டிக்கிட்டு, சாக்குப் பையைத் தேட ஆரம்பிச்சேன்.